ஜெஃபர்சனின் ஒதுக்குப்புற வீடும் அதைக் கட்டிய கைகளும்

அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, வர்ஜீனியா மாநிலத்தில் குன்றின் உச்சியில் நிற்கும் மான்டிசெல்லோ. அந்த நாட்டின் ஐந்து சென்ட் நாணயத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் வீடு அதுதான். மற்றொன்று, அங்கிருந்து சுமார் 90 மைல் தள்ளி, பெட்ஃபோர்டு மாவட்டத்தில் மரங்களுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் பாப்ளர் ஃபாரஸ்ட். ஆள் அரவம் இல்லாத இடத்தில் படிக்கவும் எழுதவும் யோசிக்கவும் அவர் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு அது.

மனிதர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்ற கருத்தை ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழில் எழுதியவர் ஜெஃபர்சன். 1776-இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியபோது அவருக்கு வயது 33. அதே மனிதர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். இந்த முரண்பாடு பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாப்ளர் ஃபாரஸ்டின் கதையைப் படிக்கும்போது அது ஏட்டில் உள்ள முரண்பாடாகத் தெரிவதில்லை. ஒருவருடைய தனிமைக்கும் அமைதிக்கும் யாரெல்லாம் விலை கொடுத்தார்கள் என்பது பெயர் பெயராகத் தெரிகிறது.

மாமனார் சொத்து

பாப்ளர் ஃபாரஸ்ட் ஜெஃபர்சன் விலை கொடுத்து வாங்கிய நிலம் அல்ல. அவருடைய மனைவி மார்த்தாவின் தந்தை ஜான் வெய்ல்ஸ் 1773-இல் இறந்தபோது, வாரிசுரிமையாக வந்தது. 4,819 ஏக்கர் கொண்ட அந்தப் பண்ணையோடு வேறு நிலங்களும், 135 அடிமைகளும், மாமனார் வைத்துவிட்டுப் போன கடனும் சேர்ந்தே வந்தன. நிலம், மனிதர், கடன் மூன்றும் ஒரே கணக்கில் கைமாறின.

அப்படி வந்தவர்களில் எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். கைக்குழந்தையாக வந்த மகள் சாலிக்குத் தந்தை ஜான் வெய்ல்ஸ்தான் என்று அந்தக் குடும்பத்தின் வாய்வழி வரலாறு சொல்கிறது. அப்படியானால் எஜமானி மார்த்தாவும் அடிமை சாலியும் ஒரே தகப்பனின் மக்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தது. தகப்பன் யார் என்பது கணக்கில் இல்லை. பிறப்பே ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜெஃபர்சன் இந்தப் பண்ணையை முதலில் ஒளிந்துகொள்ளத்தான் பயன்படுத்தினார். 1781 ஜூனில், சுதந்திரப் போரின் நடுவே, பிரிட்டிஷ் குதிரைப்படை அவரைப் பிடிக்க மான்டிசெல்லோவுக்கு வந்தது. குடும்பத்தோடு தப்பிய அவர் பாப்ளர் ஃபாரஸ்டில் தங்கினார். அங்கே குதிரையிலிருந்து விழுந்து சில வாரம் முடங்கிக் கிடந்தார். வர்ஜீனியாவைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலுக்கான பணியில் அவர் இறங்கிய காலம் அது. அடிமை முறை எஜமானரையும் கெடுக்கிறது என்று எழுதிய அதே நூலில், கறுப்பின மக்கள் அறிவில் குறைந்தவர்களோ என்ற ஐயத்தையும் அவர் எழுதிவைத்தார். அந்த ஐயத்தைப் பின்வந்த பல தலைமுறையினர் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள்.

எண்கோண வீடு

1806-இல், அதிபர் பதவியில் இருந்தபோதே, பாப்ளர் ஃபாரஸ்டில் புது வீட்டுக்கு அடித்தளம் போடப்பட்டது. வரைபடம் ஜெஃபர்சனுடையது. செங்கல்லால் ஆன எண்கோண வீடு. நடுவே நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 அடியாக அமைந்த உணவு அறை. அதற்குப் பக்கவாட்டுச் சன்னல் இல்லை; கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும். அதைச் சுற்றிப் படுக்கை அறைகளும், தெற்கே புத்தகங்களோடு ஒரு கூடமும். வீட்டின் பின்புறம் மண்ணைத் தோண்டித் தாழ்வான புல்வெளி அமைத்தார்கள். வீட்டின் இரு பக்கமும் மண்மேடு எழுப்பி மரம் நட்டார்கள். கழிப்பறைகளையும் எண்கோணமாகவே கட்டினார்கள்.

1809-இல் பதவி முடிந்து ஊர் திரும்பியபோது அவருக்கு 66 வயது நெருங்கியிருந்தது. மான்டிசெல்லோவில் நாள் தவறாமல் விருந்தினர் கூட்டம். அறிமுகம் இல்லாதவர்களும் அவரைப் பார்க்க வந்து தங்கினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து விலகி ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பாப்ளர் ஃபாரஸ்டுக்குப் போவது வழக்கமாயிற்று. குதிரை வண்டியில் மூன்று நாள் பயணம். போனால் சில வாரம், சில முறை இரண்டு மாதம் வரை தங்குவார். பேத்திகளை அழைத்துப் போவார். காலையில் படிப்பு, கடிதம், மாலையில் உலா. 1815-இல் அருகிலிருந்த ஆட்டர் மலைச் சிகரங்களின் உயரத்தைக் கருவி வைத்து அளந்தார்.

1814-இல் வீட்டின் ஒரு பக்கத்தில் தாழ்வாக ஒரு கட்டடம் சேர்க்கப்பட்டது. சமையலறையும் இறைச்சியைப் புகையிட்டுப் பதப்படுத்தும் அறையும் அதில் இருந்தன. அதன் தட்டைக் கூரை வீட்டின் தளத்தோடு ஒட்டி அமைந்ததால், எஜமானர் உலாவும் மாடியாகவும் அதுவே ஆயிற்று. கீழே அடுப்படியில் வேலை செய்தவர்கள் அடிமைகள். மேலே நடந்தவருக்கு அவர்கள் கண்ணில் படாதபடிதான் அமைப்பு இருந்தது.

யார் கட்டினார்கள்?

கூலிக்கு அமர்த்தப்பட்ட வெள்ளையினக் கொத்தனார்களும் தச்சர்களும் வேலை செய்தார்கள். அவர்களோடு அடிமைகளும் மண் வெட்டினார்கள், செங்கல் சுமந்தார்கள், மரம் அறுத்தார்கள். வீட்டின் உள்ளழகு பெரும்பாலும் ஒருவருடைய கைவேலை. அவர் ஜான் ஹெமிங்ஸ். எலிசபெத் ஹெமிங்ஸின் மகன். 1776-இல், பிரகடனம் எழுதப்பட்ட அதே ஆண்டில் பிறந்தவர். மான்டிசெல்லோவில் ஐரிஷ் தச்சர் ஒருவரிடம் தொழில் பழகி, பிறகு அந்தத் தச்சுப் பட்டறைக்கே தலைமை ஏற்றார். பாப்ளர் ஃபாரஸ்டின் கதவுகளும் உள் மரவேலைகளும் அவர் பொறுப்பில் நடந்தன.

அவரோடு வேலை பழகியவர்கள் அவருடைய சகோதரி சாலியின் மகன்கள் பெவர்லி, மேடிசன், எஸ்டன். இந்தப் பிள்ளைகளின் தந்தை ஜெஃபர்சன்தான் என்று மேடிசன் பின்னாளில் பதிவு செய்தார். 1998-இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு வரலாற்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கிறார்கள். அதாவது, தகப்பன் ஓய்வெடுக்கப் போன வீட்டில், சட்டப்படி அவருடைய சொத்தாக இருந்த மகன்கள் இழைப்புளி பிடித்தார்கள். பேத்திகள் வண்டியில் வந்து கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

ஜான் ஹெமிங்ஸுக்கு எழுதத் தெரியும். ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருக்கும் நாட்களில் பாப்ளர் ஃபாரஸ்டின் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று அவரே கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களில் சில இன்றும் இருக்கின்றன. எழுத்துப் பிழைகள் உண்டு. ஆனால் எந்தப் பலகை, எந்த அளவு, என்ன மீதம் என்பதில் மயக்கம் இல்லை.

வீட்டுப் பொறுப்பைப் பார்த்துச் சமைத்தவர் ஹன்னா. அவரும் எழுதத் தெரிந்தவர். 1818-இல் ஜெஃபர்சன் நோயுற்று வர முடியாமல் போனபோது, நவம்பர் மாதம் ஹன்னா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உடல்நலம் விசாரித்தார். வீடு நல்லபடியாக இருக்கிறது என்றார். பிறகு, உயிர் தந்த கடவுளுக்கு நன்றியோடு இருக்கும்படி எஜமானருக்கே அறிவுரை சொன்னார். அடிமையாக வைக்கப்பட்ட ஒரு பெண், ஒரு நாட்டின் முன்னாள் அதிபருக்குச் சமமாக நின்று சொன்ன வார்த்தை அது.

புகையிலையும் சாட்டையும்

ஓய்வு இல்லம் என்பது அந்த 4,819 ஏக்கரின் ஒரு மூலைதான். மற்ற இடமெல்லாம் புகையிலையும் கோதுமையும் விளைந்த வயல். ஜெஃபர்சனின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த மண்ணிலிருந்து வந்தது. அங்கே வாழ்ந்து உழைத்த அடிமைகள் சுமார் 90 பேர். நேரடி ஆட்சி வெள்ளை மேற்பார்வையாளர் கையில் இருந்தது.

ஃபில் ஹப்பர்ட் என்ற தொழிலாளியின் நிகழ்ச்சி கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. தாம் மணந்துகொள்ள விரும்பிய பெண்ணோடு குடியிருக்க மேற்பார்வையாளர் குறுக்கே நின்றார் என்பது அவர் குறை. 1814 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, மான்டிசெல்லோவுக்கே போய் ஜெஃபர்சனிடம் நேரில் முறையிட்டார். ஜெஃபர்சன் அவர் பக்கம் நின்று மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டத்து இளையவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வீட்டோடு இருந்தால், அவர்களின் மதிப்பு கூடுகிறது என்பதே அவர் கணக்கு. ஒரு மனிதனின் நியாயம் கேட்கப்பட்டது. கேட்டது எஜமானரின் பேரேடு.

அதே ஹப்பர்ட் குடும்பத்தில் ஜேம்ஸ் என்பவர் பாப்ளர் ஃபாரஸ்டில் வளர்ந்து, சிறுவனாகவே மான்டிசெல்லோவின் ஆணிப் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர். அவர் இருமுறை தப்பி ஓடினார். இரண்டாம் முறை தலைமறைவாக இருந்தபோதே ஜெஃபர்சன் அவரை ஒரு தச்சருக்கு விற்றுவிட்டார். 1812-இல் பிடிபட்டதும், பழைய தோழர்களின் கண் முன்னே கடுமையாகச் சாட்டையால் அடிக்கப்பட்டார். அடிமைகளிடம் இரக்கமுள்ளவர் என்று பெயரெடுத்த எஜமானரின் உத்தரவு அது.

அந்த 1814-ஆம் ஆண்டு

ஜெஃபர்சனின் காலம் வேறு, அன்றைய அளவுகோல் வேறு என்று சொல்வதுண்டு. அவர் அடிமை முறையைக் கண்டித்து எழுதியிருக்கிறார் என்பதும் உண்மை. பிரகடனத்தின் முதல் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியைச் சக உறுப்பினர்கள் நீக்கினார்கள். 1807-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் சட்டத்தில் அதிபராகக் கையெழுத்திட்டவரும் அவரே. இவற்றை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் காலத்திலேயே, அவருடைய மாநிலத்திலேயே, வேறு வழியில் நடந்தவர் இருந்தார். எட்வர்டு கோல்ஸ் என்ற இளைஞர், அடிமைகளை வாரிசுரிமையாகப் பெற்றவர். 1814-இல் அவர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதி, அடிமை ஒழிப்புக்குத் தலைமை ஏற்கும்படி வேண்டினார். தமக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் வேலை என்று ஜெஃபர்சன் பதில் எழுதினார். கோல்ஸ் அவசரப்பட்டுத் தம் அடிமைகளை விட்டுவிட வேண்டாம் என்றும் ஆலோசனை சொன்னார். கோல்ஸ் அதைக் கேட்கவில்லை. 1819-இல் தம் அடிமைகளை இல்லினாய்ஸுக்கு அழைத்துப்போய் விடுதலை செய்து, நிலமும் கொடுத்தார். பிறகு அந்த மாநிலத்தின் ஆளுநராகி, அங்கே அடிமை முறையைக் கொண்டுவர நடந்த முயற்சியை முறியடித்தார். செய்ய முடிந்த காரியம்தான் என்பதற்கு அவரே சாட்சி. அடிமை ஒழிப்புக்கு வயதாகிவிட்டது என்று எழுதிய அந்த ஆண்டில்தான், ஜெஃபர்சன் ஓய்வு இல்லத்தில் சமையல் கட்டடத்தையும் உலாவும் மாடியையும் எழுப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு மேசைகள்

1825-இல் பேத்தி எலன் மணமாகி பாஸ்டனுக்குப் போனார். அவருக்காக ஜான் ஹெமிங்ஸ் ஓர் எழுதுமேசை செய்தார். கண் பார்வை மங்கிவந்த காலத்தில், தம் திறமையையெல்லாம் கொட்டிச் செய்த பொருள். அதை ஏற்றிச்சென்ற கப்பல் கடலில் அழிந்தது. செய்தி கேட்டு ஹெமிங்ஸ் இடிந்துபோனார் என்றும், இன்னொன்று செய்யக் கண்பார்வை இடம் தரவில்லை என்றார் என்றும் ஜெஃபர்சன் பேத்திக்கு எழுதினார். அதற்கு ஈடாக அவர் பேத்தியின் கணவருக்கு அனுப்பிய பொருள், சுதந்திரப் பிரகடனத்தை எழுதப் பயன்படுத்திய சிறிய எழுதுபெட்டி. அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெமிங்ஸின் மேசை கடலோடு போயிற்று.

1823-க்குப் பிறகு ஜெஃபர்சன் பாப்ளர் ஃபாரஸ்டுக்குப் போகவில்லை. பேரன் பிரான்சிஸ் எப்ஸை அங்கே குடிவைத்தார். 1826 ஜூலை 4-ஆம் தேதி, பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவு நாளில் இறந்தார். அவருடைய சவப்பெட்டியைச் செய்தவரும் ஜான் ஹெமிங்ஸ்தான்.

உயிலில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை எழுதியிருந்தார். ஜான் ஹெமிங்ஸ், மேடிசன், எஸ்டன், வீட்டு நிர்வாகி பர்வெல் கோல்பர்ட், கொல்லர் ஜோ ஃபாசெட். ஐந்து பேரும் ஹெமிங்ஸ் குடும்பத்தார். கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் இருந்தது. 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். விடுதலை பெற்ற ஜோ ஃபாசெட்டின் மனைவி மக்களும் அந்த ஏலத்தில் நின்றார்கள். எஜமானரின் தனிமைக்கு ஆன செலவின் கடைசித் தவணை அப்படி வசூலானது.

மண்ணுக்கடியில் கிடைத்தவை

பாப்ளர் ஃபாரஸ்டைப் பேரன் 1828-இல் விற்றுவிட்டார். 1845-இல் வீடு தீப்பிடித்து உட்புறம் அழிந்தது, சுவர்கள் தப்பின. ஹெமிங்ஸின் மரவேலை சாம்பலாயிற்று. 1980-களில் ஓர் அறக்கட்டளை அதை வாங்கிச் சீரமைக்கத் தொடங்கியது. இப்போது மக்கள் சென்று பார்க்கலாம்.

சீரமைப்போடு அகழாய்வும் நடந்தது. வீட்டுக்குச் சற்றுத் தள்ளி அடிமைகளின் குடியிருப்புத் தடங்கள் கிடைத்தன. சிறு மரக் குடிசைகள். உள்ளே தரையில் குழி தோண்டிப் பொருள்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். மணிகள், பொத்தான்கள், உடைந்த பீங்கான், பூட்டின் பாகங்கள் எடுக்கப்பட்டன. சட்டப்படி சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ள முடியாத மக்கள் பூட்டு வைத்திருந்தார்கள். தமக்கென்று ஒரு மூலையை, சிறிதளவு தனிமையை, அவர்களும் காத்துக்கொள்ள முயன்றார்கள். அந்தக் குடியிருப்பு ஒன்று சுமார் 1812-இல் கைவிடப்பட்டது. வீட்டைச் சுற்றிய நிலத்தை ஜெஃபர்சன் வேலியிட்டு ஒழுங்குபடுத்திய காலம் அது. சேரி எங்கே இருக்க வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்யும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல.

நமக்கு ஏன் இந்தக் கதை?

1873-இல் மேடிசன் ஹெமிங்ஸ் தம் வாழ்க்கையை ஓஹியோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் சொன்னார். தம் தந்தை யார் என்பதையும், மாமா ஜானிடம் தச்சுத்தொழில் பழகியதையும் பதிவு செய்தார். அதே 1873-இல் மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே அடிமைத்தனம் என்ற பொருள்படும் குலாம்கிரி நூலை வெளியிட்டு, கறுப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க நல்லோருக்கு அதைக் காணிக்கையாக்கினார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், ஒரே ஆண்டில், ஒரே நோயைப் பற்றிப் பேசினார்கள்.

அதே அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1913 முதல் 1916 வரை படித்தவர் அண்ணல் அம்பேத்கர். அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு அவர் விரிவாக எழுதினார். 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து நிலவும் முரண்பாட்டுக்குள் நாடு நுழையப்போகிறது என்று எச்சரித்தார். ஏட்டில் எழுதிய சமத்துவம் வீட்டு வாசலைத் தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பாப்ளர் ஃபாரஸ்ட் ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய சாட்சி.

தலைவர்களின் வீடுகளை நினைவிடமாக்குவது நம் நாட்டிலும் வழக்கம். அவர் உட்கார்ந்த நாற்காலி, படித்த புத்தகம், உலாவிய தோட்டம் எல்லாம் காட்டப்படும். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பாப்ளர் ஃபாரஸ்டில் இப்போது அந்தப் பெயர்களையும் சொல்கிறார்கள். ஜான் ஹெமிங்ஸ் எழுதிய கடிதங்களும் ஹன்னா எழுதிய ஒரு கடிதமும் இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது. அடிமைகளாக வைக்கப்பட்ட அந்த இருவர் எழுத்தறிந்திருந்ததால், ஜெஃபர்சனின் வீட்டுக் கதையை இன்று ஜெஃபர்சன் மட்டும் சொல்லவில்லை.